வியாபாரியின் நாவும் பரக்கத்தும்

எல்லாப் புகழும் அகிலத்தைப் படைத்துப் பரிபாலித்து, ஒவ்வோர் உயிருக்கும் அதனதன் ரிஜ்கைப் பங்கிட்டு அளிக்கும் அல்லாஹ்வுக்கே உரியன. நபித்துவத்திற்கு முன்னரே வணிகராக வாழ்ந்து, தம் ஊராரால் ‘அல்அமீன்’ – நம்பிக்கைக்குரியவர் – என்று அழைக்கப்பட்ட நம் உயிரினும் மேலான பெருமானார் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக! ஆமீன்!

 

நம் மஹல்லாக்களில் வீட்டிலிருந்தபடியே சிறு வியாபாரம் தொடங்குவோர் பெருகி வருகிறார்கள். வளைகுடாவில் வேலை முடிந்து ஊர் திரும்பிய சகோதரர் ஒருவர் பேரீச்சம்பழமும் தேனும் விற்கிறார். கணவரை இழந்து, இத்தா இருந்து முடித்த சகோதரி ஒருவர் பிள்ளைகளின் படிப்புக்காகக் கறி மசாலாத்தூள் அரைத்துப் பொட்டலம் போடுகிறார். மதரஸாவில் ஓதி முடித்த இளைஞர் கருஞ்சீரக எண்ணெயைச் சீசாவில் அடைத்து வைத்திருக்கிறார். இவர்கள் நம்மிடம் வந்து கேட்பது இரண்டு. ஒன்று, துஆ. மற்றொன்று, “ஹஜ்ரத்! நோட்டீசிலும் வாட்ஸ்அப்பிலும் போடுவதற்கு, நாலு பேர் வாங்குகிற மாதிரி நல்ல வாசகமாக ஒன்று சொல்லுங்களேன்!” என்பது.

துஆவை அப்பொழுதே செய்துவிடுகிறோம். இரண்டாவது கேள்வியை மார்க்கத்துக்குச் சம்பந்தமில்லாத கடைக் கேள்வி என்று பலர் எண்ணுகிறார்கள். அவ்வாறன்று! ஒரு பொருளை விற்பவன் அதைப் பற்றி என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லக்கூடாது, எதைச் சொல்லாமல் விடக்கூடாது என்பதை நம் மார்க்கம் தெளிவாக வகுத்துத் தந்திருக்கிறது. அதைத்தான் இங்கே கவனிக்கப் போகிறோம்.

வியாபாரம் ஓர் உயர்ந்த அமல்

மக்காவிலிருந்து வெறுங்கையோடு ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தார்கள் ஹஸ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள். அவர்களுக்குச் சகோதரராக ஆக்கப்பட்ட ஹஸ்ரத் ஸஃது இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். அதற்காக துஆச் செய்துவிட்டு, அன்னார் கேட்டதெல்லாம் கடைவீதிக்கு வழி ஒன்றுதான்! பனூ கைனுகாவின் சந்தைக்குப் போனார்கள். அன்றே சிறிது பாலாடைக்கட்டியும் நெய்யும் ஆதாயமாகக் கொண்டு வந்தார்கள் என்று புகாரீ ஷரீஃபில் காணப்படுகிறது. பின்னாளில் ஸஹாபாப் பெருமக்களில் பெரும் செல்வந்தர்களில் ஒருவராக விளங்கிய அன்னாரின் தொடக்கம், ஒரு கைப்பிடி நெய்தான். எனவே, சிறிய வியாபாரம் என்று எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

மதீனத்து வியாபாரிகளை மக்கள் அதுவரை ‘தரகர்கள்’ என்னும் பொருளுடைய ஒரு பெயரால் அழைத்து வந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அவர்களிடம் வந்து, அதைவிட அழகான ‘துஜ்ஜார்’ – வணிகர்கள் – என்ற பெயரால் அழைத்தார்கள். பெயரை உயர்த்திய அதே வேளையில் எச்சரிக்கையும் செய்தார்கள். வியாபாரத்தில் வீண் பேச்சும் சத்தியமும் வந்து கலந்துவிடுகின்றன; ஆகவே, அதில் தர்மத்தையும் கலந்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். இதை ஹஸ்ரத் கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூதிலும் திர்மிதீயிலும் பதிவாகியுள்ளது. வியாபாரியைக் கெடுப்பது தராசு மட்டுமல்ல, நாவும்தான் என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா?

உண்மையும் தெளிவும்

புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் ஹஸ்ரத் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ள ஒரு ஹதீஸ், இந்தத் தலைப்புக்கே அடித்தளமாகும். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, உள்ளதைத் தெளிவுபடுத்தினால் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத் அருளப்படும். மறைத்துப் பொய் பேசினால் அந்தப் பரக்கத் அழிக்கப்பட்டுவிடும் என்பது அதன் கருத்து.

இங்கே இரண்டு நிபந்தனைகள் கூறப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். ஒன்று ‘ஸித்க்’ – உண்மை. மற்றொன்று ‘பயான்’ – தெளிவு. பொய் சொல்லாமல் இருப்பது மட்டும் போதாது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வாய்மூடி இருப்பவனும், ஒன்றுமே விளங்காதபடி அலங்காரமாகப் பேசுபவனும் முதல் நிபந்தனையை நிறைவேற்றியிருக்கலாம், இரண்டாவதை விட்டுவிட்டார்கள். பரக்கத்தோ இரண்டையும் சேர்த்தே வாக்களிக்கப்பட்டிருக்கிறது!

மூவகைப் புகழ்ச்சி

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 505) தம்முடைய ‘இஹ்யா’வில் சம்பாத்தியத்தின் ஒழுக்கங்களைக் கூறும்பொழுது, விற்பவன் தன் சரக்கைப் பற்றிச் சொல்லும் புகழ்ச்சியை அருமையாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். அதன் சாரம் இதுதான்.

பொருளில் இல்லாத குணத்தை இருப்பதாகச் சொன்னால் அது பொய். அதை நம்பி ஒருவர் வாங்கிவிட்டால் பொய்யோடு அநியாயமும் சேர்ந்துவிடுகிறது. இருக்கிற குணத்தையே, அதுவும் வாங்குபவருக்கு ஏற்கெனவே தெரிந்த குணத்தையே சொல்லிக்கொண்டிருந்தால் அது வீண் பேச்சு. மனிதன் மொழியும் ஒவ்வொரு சொல்லுக்கும் கேள்வி உண்டல்லவா! மூன்றாவது வகை ஒன்று உண்டு. பொருளில் உண்மையாகவே இருக்கிறது. ஆனால், விற்பவன் எடுத்துச் சொல்லாவிட்டால் வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. அத்தகைய குணத்தை மிகைப்படுத்தாமல் சொல்வதில் குற்றமில்லை.

நம்மிடம் வாசகம் கேட்டு வரும் சகோதர சகோதரிகளுக்கு இதைவிடத் தெளிவான பதிலை நாம் எங்கே தேடுவது? உங்கள் சரக்கில் உண்மையாக இருப்பது எது? அதில் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாதது எது? அதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் வாசகம்!

ஒரு பொட்டலம் மசாலா

மசாலாத்தூள் விற்கும் சகோதரியையே எடுத்துக்கொள்வோம். “சுத்தமானது! சுவையானது! தரமானது! இதற்கு நிகர் இதுவே!” என்று அவர் நோட்டீஸ் அடிக்கிறார் என வைத்துக்கொள்ளுங்கள். இதில் முதல் மூன்றும் எந்தக் கடையிலும் எந்தப் பொட்டலத்திலும் எழுதியிருக்கிற சொற்கள். படிப்பவர் இவற்றால் புதிதாக எதையும் தெரிந்துகொள்வதில்லை. இமாம் அவர்களின் கணக்கில் இவை வீண் பேச்சு. நான்காவதோ, ஊரிலுள்ள மசாலாக்களையெல்லாம் சமைத்துப் பார்க்காமலேயே சொன்ன சொல்!

வாங்குகிற தாய்மார்களுக்கு உண்மையில் தெரியாதது என்ன? தூள் சிவப்பாக இருப்பதைக் கண் காண்கிறது. அது மிளகாயின் சிவப்பா, சாயத்தின் சிவப்பா என்பதைக் கண் காணாது. காம்பு கிள்ளி அரைத்தார்களா, காம்போடு போட்டு எடையைக் கூட்டினார்களா என்பது தெரியாது. நன்றாகக் காய்ந்த மல்லியா, ஈரப்பதத்தோடு அரைத்ததா என்பது தெரியாது. எந்த மாதம் அரைத்தது என்பது தெரியாது. ஆகவே அந்தச் சகோதரி, “மிளகாயைக் காம்பு கிள்ளி, வெயிலில் காயவைத்து அரைத்தது. சாயம் சேர்க்கவில்லை. அரைத்த தேதி பொட்டலத்தில் இருக்கிறது” என்று மூன்றே வரிகளில் எழுதினால் போதும். ஒவ்வொரு வரியும் புதிய செய்தி. ஒவ்வொன்றும் சோதித்துப் பார்க்கக் கூடியது. அடுப்படியில் நிற்கும் ஒரு தாய் அதைப் படித்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரியிடம் அப்படியே திருப்பிச் சொல்லலாம்.

சுருக்கமும் ஸுன்னத்தான ஒழுக்கமே. பெருமானார் (ஸல்) அவர்கள் பேசினால், கேட்பவர் எண்ண விரும்பினால் சொற்களை எண்ணிவிடலாம். அவ்வளவு நிதானமாக, தெளிவாகப் பேசுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியது புகாரீயில் உள்ளது. பத்துப் பெருமைகளை அடுக்கினால் ஒன்றும் மனத்தில் நிற்காது. உண்மையான ஒன்றிரண்டைச் சொன்னால் நிற்கும்.

ஆனால், ஒன்றை மறந்துவிடக்கூடாது. எழுதிய வாசகம் ஒரு வாக்குறுதி! ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயில் ஏது? அப்பொழுது இயந்திரத்தில் உலர்த்தி அரைத்தால், ‘வெயிலில் காயவைத்தது’ என்ற வரியை எடுத்துவிட வேண்டும். சந்தையில் கிடைத்த மிளகாயை வாங்கி அரைத்துவிட்டு, ‘ராமநாதபுரம் குண்டு மிளகாய்’ என்று எழுதக் கூடாது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயர் அம்மண்ணின் விவசாயிகளுடைய உழைப்பின் அடையாளம். அதை வேறு சரக்குக்குச் சூட்டுவது, வாங்குபவருக்கும் அந்த விவசாயிக்கும் சேர்த்துச் செய்யும் துரோகமாகும்.

நிகர எடை, விலை, பொட்டலமிட்ட மாதம், தயாரிப்பவரின் முகவரி, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து பெற்ற 14 இலக்க எண் ஆகியவற்றைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்று அரசாங்கச் சட்டம் கேட்கிறது. இதை வீண் தொல்லை என்று எண்ணாதீர்கள். ‘பயான்’ என்று நாம் மேலே கண்ட தெளிவின் ஒரு பகுதிதான் இதுவும்.

ஈரத்தை மேலே வையுங்கள்

நிறையைச் சொல்வது எளிது. குறையைச் சொல்வதில்தான் ஈமானுக்குச் சோதனை இருக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. விசாரித்தபொழுது, மழையில் நனைந்துவிட்டது என்றார் உரிமையாளர். மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று கடுமையாக எச்சரித்தார்கள். ஹஸ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த நிகழ்ச்சி முஸ்லிம் ஷரீஃபில் உள்ளது.

அந்த மனிதர் தண்ணீர் ஊற்றி எடையைக் கூட்டவில்லை. வானம் பொழிந்தது, நனைந்தது. வாயால் பொய்யும் சொல்லவில்லை. நல்லதை மேலேயும் நனைந்ததைக் கீழேயும் வைத்தார், அவ்வளவுதான்! அதற்கே இவ்வளவு பெரிய எச்சரிக்கை! அன்றைய குவியலின் மேற்புறம்தான் இன்றைய செல்போன் படம். பாலைக் கறக்காமல் மடியைப் பெருக்கிக் காட்டி ஆட்டையும் ஒட்டகத்தையும் விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். படத்தில் நிறத்தைக் கூட்டிக் காட்டி அனுப்பும் பொருளும் அந்தக் கறக்காத மடியைப் போன்றதே.

தாபிஈன்களில் மாமேதையான இமாம் இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்கள் ஓர் ஆட்டை விற்றார்கள். வாங்கியவரிடம், இதில் ஒரு குறை இருக்கிறது, தீனியைக் காலால் புரட்டிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். பஸராவில் பட்டு வணிகராக இருந்த யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) அவர்களின் கடைப் பணியாளர், வாடிக்கையாளர் முன்னிலையில் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, யா அல்லாஹ் எங்களுக்குச் சுவர்க்கத்தைத் தருவாயாக என்று சொல்லிவிட்டார். துணியின் அழகைச் சாடையாகப் புகழ்ந்ததாகிவிடுமோ என்று அஞ்சி, அதை விற்காமலேயே உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார்கள். இவ்விரண்டையும் இஹ்யாவிலேயே காண்கிறோம். அந்த மகான்களின் பேணுதலை நம்மால் எட்ட முடியாமல் போகலாம். என்றாலும், “இந்தத் தூளில் பதப்படுத்தும் பொருள் எதுவும் இல்லை, ஆகவே, அதிக நாள் தாங்காது, சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்” என்று ஒரு குறையை நம்மால் எழுத முடியாதா? குறையையும் சொல்பவர் சொல்லும் நிறையைத்தான் மக்கள் நம்புகிறார்கள்.

“அல்லாஹ் மீது ஆணையாக அசல் சரக்கு” என்று கூவுவதையும் விட்டுவிடுங்கள். சத்தியம் சரக்கை விற்றுத் தரும், பரக்கத்தை அழித்துவிடும் என்பது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ள ஹதீஸின் கருத்து. ஒரு பொட்டலத்தின் விலைக்கு அல்லாஹ்வின் திருநாமத்தைச் சாட்சியாக நிறுத்துவதா?

தீனைச் சரக்காக்காதீர்கள்

இனி நாம் மிகுந்த கவலையோடு சொல்ல வேண்டிய செய்திக்கு வருகிறோம்.

கருஞ்சீரகத்தில் மரணம் தவிர்ந்த நோய்களுக்கு நிவாரணம் உண்டு என்ற கருத்துடைய ஹதீஸ் ஸஹீஹானது. புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால், அந்த ஹதீஸைச் சீசாவின் மேல் அச்சிட்டு, அதன் கீழே “சர்க்கரை நோய், புற்றுநோய், இதய அடைப்பு அனைத்தும் தீரும்” என்று பட்டியல் போடுகிறார்களே, அந்தப் பட்டியலை யார் சொன்னது? நபி (ஸல்) அவர்களா, சீசாவை விற்பவரா?

ஹதீஸ் விளக்கவுரையாளர்களில் முன்னோடியான இமாம் கத்தாபி (ரஹ்) அவர்கள், இச்சொல் பொதுவாக அமைந்திருந்தாலும் குறிப்பிட்ட வகை நோய்களையே நாடுகிறது என்று விளக்கியிருப்பதை இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் ஃபத்ஹுல் பாரீயில் எடுத்தெழுதியுள்ளார்கள். தேனையும் குறிப்பிட்டு, அது ஒத்துக்கொள்ளாத நோய்களும் உண்டு என்று கூறிய அறிஞரின் கூற்றையும் அங்கே காணலாம். ஆழ்கடல் போன்ற ஆலிம்களே இவ்வளவு நிதானமாகப் பேசிய இடத்தில், ஒரு நோட்டீஸ் இவ்வளவு துணிவாகப் பேசலாமா?

ஹஸ்ரத் ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபொழுது, ஸகீஃப் கோத்திரத்து மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லும்படி பெருமானார் (ஸல்) அவர்களே சொன்னதாக அபூதாவூதில் இருக்கிறது. மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் செய்தால், நேரும் தீங்குக்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்துடைய ஹதீஸும் அதே அபூதாவூதில் உள்ளது.

இன்ஸுலின் போட்டுக்கொள்ளும் ஒரு வயதான தாய், உங்கள் நோட்டீஸைப் படித்துவிட்டு ஊசியை நிறுத்திவிட்டால் என்னவாகும்? அந்தத் தாய் உங்களை நம்பியா நிறுத்தினார்? இல்லை! நீங்கள் அச்சிட்ட நபி (ஸல்) அவர்களின் திருப்பெயரை நம்பி நிறுத்தினார்! நாளை சர்க்கரை ஏறிக் காலையோ கண்ணையோ இழந்தால், அந்த வீட்டுப் பிள்ளைகளின் உள்ளத்தில் எழும் சந்தேகம் உங்கள் சீசாவோடு நிற்குமா? ஹதீஸையே அல்லவா தொடும்! ஒரு சில ரூபாய் இலாபத்துக்காக ஓர் உயிரையும், ஒரு குடும்பத்தின் ஈமானையும் பணயம் வைக்கலாமா?

நாட்டின் சட்டமும் இதைத் தடுத்திருக்கிறது. சர்க்கரை நோய், புற்றுநோய் முதலியவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து, மந்திர நிவாரண விளம்பரச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆயினும், நாம் அஞ்ச வேண்டியது அந்த அபராதத்தைவிடப் பெரிய ஒரு விசாரணையை!

அப்படியானால் கருஞ்சீரக எண்ணெய் விற்கவே கூடாதா? தாராளமாக விற்கலாம். “கருஞ்சீரகத்தைச் செக்கில் ஆட்டி எடுத்த எண்ணெய். வேறு எண்ணெய் கலக்கவில்லை. மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்” என்று எழுதுங்கள். ஸுன்னத்தைப் பேணுகிறவர்கள் தாமே தேடி வந்து வாங்குவார்கள்.

இதே போல மிளகாய்த்தூளுக்கும் மல்லித்தூளுக்கும் பெரிய எழுத்தில் ‘ஹலால்’ என்று போடுவதும், “நம்மவர் கடை, ஆதரியுங்கள்” என்பதை மட்டுமே வாசகமாக்குவதும் வேண்டாம். ஆதரவு கேட்பவர் ஒரு முறை விற்பார். நல்ல சரக்கு கொடுப்பவர் மறுமுறையும் விற்பார். நம் கடைக்கு வரும் மாற்று மதச் சகோதரருக்கும் அதே சரக்கு, அதே எடை, அதே உண்மை! அளவில் குறை செய்வோரைக் கண்டிக்கும் முதஃப்பிஃபீன் சூரா (83) வாங்குபவரின் மதத்தைக் கேட்கவில்லை.

விலையும் திரும்பப் பெறுதலும்

விலையையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கைலா (ரலி) என்ற வணிகப் பெண்மணி, தாம் விற்கும்பொழுது கூடுதலாகச் சொல்லிப் பிறகு படிப்படியாகக் குறைப்பதாகக் கூற, அவ்வாறு செய்யாமல் நாடிய விலையையே சொல்லும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு வருகிறது. அதன் தொடரில் பேச்சு உண்டு எனினும், கருத்து அழகானது. “விலைக்குத் தனியாகக் கேளுங்கள்” என்று மறைத்து வைப்பதால் ஆளுக்கொரு விலை சொல்லும் ஆசைதான் வளரும்.

பொருளில் முன்பே இருந்த குறை பின்னர் தெரிந்தால், திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது ஹனஃபீ, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் உள்ள சட்டம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற பலகை இந்த உரிமையைப் பறிக்கும் கருவியாகிவிடக் கூடாது. “குறை இருந்தால் மாற்றித் தருகிறோம்” என்று எழுதுங்கள், எழுதியபடி செய்யுங்கள்.

பள்ளிவாசலுக்குள் விளம்பரம் செய்யச் சொல்லியும் சிலர் நம்மை வற்புறுத்துகிறார்கள். பள்ளிக்குள் விற்பவரைக் கண்டால், அவருடைய வியாபாரம் இலாபமடையாதிருக்கட்டும் எனக் கூறும்படி திர்மிதீயில் வந்துள்ளது. துஆக் கேட்டு வந்தவருக்கு இதுவா வேண்டும்? ஜும்ஆ முடிந்தபின் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடும்படி ஜும்ஆ சூரா (62) கூறுகிறது. தேடும் இடம் வெளியே இருக்கிறது!

வாங்குபவர்களே, உங்களுக்கும் ஒரு சொல்

உண்மையை எழுதி விற்கும் ஏழைச் சகோதரியிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். உறவினர் என்பதற்காகக் கடன் சொல்லி இழுக்காதீர்கள். “மழையால் இந்த மாதம் நிறம் கொஞ்சம் மங்கல்” என்று அவர் உண்மையைச் சொன்னால், அதற்காகவே அவரிடம் வாங்குங்கள். உண்மை பேசியவர் தோற்றுப் போகும் கடைவீதியில், நாளை நம் பிள்ளைகள் எதைக் கற்பார்கள்?

சகோதரர்களே! தாய்மார்களே! வாசகத்தை எழுதி முடித்ததும், அச்சுக்கோ செல்போனுக்கோ அனுப்பும் முன், ஒரு நிமிடம் தனித்திருந்து படியுங்கள். இது என் சரக்கில் இருக்கிறதா? வாங்குபவர் அறிய வேண்டிய குறை எதையாவது விட்டுவிட்டேனா? என் ஏட்டைப் பிரித்துக் காட்டும் நாளில் இந்தக் காகிதமும் அதில் இருந்தால் மகிழ்வேனா, நாணுவேனா? இந்த மூன்று கேள்விகளையும் தாண்டி வந்த வாசகத்துடன் கடையைத் திறந்து விடுங்கள். உண்மையும் நாணயமும் உள்ள வணிகர், நபிமார்கள், ஸித்தீக்கீன்கள், ஷுஹதாக்களுடன் இருப்பார் என்ற நற்செய்தி திர்மிதீயில் இருக்கிறது. ஒரு பொட்டலம் மசாலா விற்றே அந்தச் சபையில் இடம் பெறலாமென்றால், அதைவிடப் பெரிய இலாபம் வேறென்ன?

வல்ல ரஹ்மான் நம் நாவுகளை உண்மையின் மீது நிலைபெறச் செய்வானாக! சிறு வியாபாரம் தொடங்கியிருக்கும் நம் வீடுகளுக்கு ஹலாலான, விசாலமான ரிஜ்கையும் பரக்கத்தையும் அருள்வானாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!